முன்பக்க இடது சக்கரம்

சக்கரம் எங்களைத் தாண்டிப் போனது.

விழிஞ்ஞம் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மீன் வாங்கக் கிளம்பியிருந்தோம். நான் ஓட்டினேன். இடப்பக்கச் சன்னலோரம் ஒரு சக்கரம் தனியாக உருண்டு வந்தது. எங்களைவிட வேகம். யாருக்கோ சக்கரம் கழன்றுவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

பிரேக்கை மிதித்தேன். என் வண்டியின் இடது மூக்கு ரோட்டில் இறங்கியது.

இரும்பு தாரில் இழுபடும் சத்தம் பல்லில் கேட்கும். கருகிய வாடை வந்தது. வண்டி ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது.

சக்கரம் நிற்கவில்லை. ஓடையைத் தாண்டிக் குதித்து, மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் அலுமினியச் சருவத்தில் மோதி, அங்கேயே நாலு சுற்றுச் சுற்றிப் படுத்தது. நெத்திலி ரோடெல்லாம் சிதறியது.

"இது ஆருக்க சக்கரம்?" என்று அந்த அம்மா எழுந்து நின்று கேட்டார்.

முன்சீட்டில் என் மனைவி ரோஸ்லி இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி இறங்கியபோது டாஷ்போர்டில் கை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவள் கத்தவில்லை. "வாச்சக் கழட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மீன்கார அம்மா அதைப் பார்த்ததும் மீனை விட்டுவிட்டார். பெட்டியிலிருந்து ஐஸை அள்ளித் தன் தோர்த்துத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து கையில் வைத்தார்.

பின்சீட்டிலிருந்து தாசையன் இறங்கினார். ரோஸ்லிக்கு அண்ணன், எனக்கு மச்சான். வண்டி கிளம்பும் முன் சக்கரத்து நட்டுகளை முறுக்கிப் பார்ப்பது அவர் வேலை.

"நீ நட்டு முறுக்கல்ல" என்றேன். மச்சானை நான் நீரு என்றுதான் சொல்வேன். அன்று நீ என்று வந்துவிட்டது.

"முறுக்கினேன் ஓய்."

"முறுக்கின சக்கரமா இப்படி ஓடுது?"

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு ஆட்டோவை மறித்து, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது இது. நான்கு வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அன்று வாசிக்காதவர்களுக்காகத் திரும்ப எழுதினேன். அந்தக் கட்டுரை இப்படி முடிந்தது: "என் மச்சான் நட்டு முறுக்க மறந்தார். என் மனைவியின் கை ஒடிந்தது."

அதில் முதல் வரி தப்பு.

பீரோக் கதவு

வண்டி சீமையில் செய்து கப்பலில் வந்தது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. எழுதினால் விற்கிறீர்களா என்று ஆள் வரும். கே.எல்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர். கோட்டைக்குள் ஒரு அச்சாபீசின் பின்புறம் கிடந்தது. என்ஜின் இருந்த இடத்தில் கீரி குட்டி போட்டிருந்தது. இடம் காலியானால் போதும், எடுத்துப் போங்கள் என்றார்கள்.

அதை ஓட வைக்க ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நானும் தாசையனும்தான். ரெண்டு பேருக்கும் வேறு பொழுதுபோக்கு கிடையாது. சீட்டு விளையாட மாட்டோம். குடிக்க மாட்டோம். அவர் பொடி போடுவார், அவ்வளவுதான்.

எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்பு. பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஊர். பதினாறு வயதில் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தேன். முதலில் வேலைக்கு நின்றேன், பிறகு சொந்தக் கடை. போல்ட்டு, நட்டு, வாஷர், ஸ்க்ரூ. வேறு சரக்கு கிடையாது. ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் திருகு மரையைத் தடவி அளவு சொல்வேன். எங்கள் தெருவில் அளவு புரியாத போல்ட்டு வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

தாசையனுக்கு நேமத்தில் டிங்கரிங் ஷெட். நசுங்கிய கதவை அடித்து நேராக்குவார், துருப்பிடித்ததை வெட்டி ஒட்டுவார். எங்கள் வண்டியின் தரைத்தகடு கையால் தொட்டாலே உதிர்ந்தது. அவர் ஒரு பழைய இரும்பு பீரோவின் கதவை வெட்டித் தரை போட்டார். இன்றைக்கும் ஓட்டுகிறவனின் இடது காலடியில் பீரோவின் சாவித் துவாரம் இருக்கிறது. மழை நாளில் அதன் வழியாகத் தண்ணீர் பீச்சும். ரோஸ்லி அதை மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியால் அடைத்தாள்.

"காருக்கு சாவி தொலைஞ்சா பீரோ சாவிய வச்சு தொறக்கலாம்" என்றார் தாசையன். அவர் சொன்ன பெரிய தமாஷ் அது.

மரை சம்பந்தப்பட்டது என் பொறுப்பு, தகடு அவர் பொறுப்பு, கிளம்பும் முன் நட்டு முறுக்கிப் பார்ப்பதும் அவர்தான் என்று வைத்துக்கொண்டோம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அப்படி ஆகிவிட்டது.

கை காட்டுவது

வண்டிக்கு இண்டிகேட்டர் விளக்கு கிடையாது. கதவுத் தூணில் சின்னக் கை ஒன்று இருக்கும். சுவிட்சைத் தட்டினால் நீண்டு வெளியே வரும், திரும்புகிறோம் என்று அர்த்தம். ரெண்டு பக்கமும் அது வேலை செய்யவில்லை. அதனால் சொந்தக் கையைத்தான் நீட்ட வேண்டும்.

இப்போது ரோட்டில் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. கிழக்கேகோட்டையில் ஒரு நாள் வலது கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பிடித்துக் குலுக்கிவிட்டார். "கொள்ளாம் சேட்டா, நல்ல வண்டி" என்று வேறு சொன்னார். பச்சை விழுந்துவிட்டது. அவர் கையை விடவில்லை.

வலப்பக்கம் என் கை. இடப்பக்கம் தாசையனின் கை. அவர் கையை நீட்டுவதோடு நிற்க மாட்டார். கதவில் தட்டி, "எடது போவுது, எடது போவுது" என்று சத்தமும் கொடுப்பார்.

"இது காரா, பஸ்ஸா?" என்று ரோஸ்லி பின்சீட்டிலிருந்து கேட்பாள்.

விழிஞ்ஞம் போன அன்று அவர்தான் தங்கச்சியிடம், "ஒரு நாளு நீ முன்னால இரி. கை காட்டிப் பாரு" என்றார். அவள் மணக்காட்டில் ஒரு தடவை காட்டினாள். வெட்கத்தில் பாதிக் கைதான் வெளியே போனது.

திருவல்லம் தாண்டி, "கீழ என்னமோ முட்டுது" என்றாள்.

"பழைய வண்டி முட்டும்" என்றேன்.

மூன்று கிறிஸ்மஸ்

ரோஸ்லியின் கையில் தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. துணி பிழிய முடியாது. அன்றுமுதல் வீட்டில் துணி பிழிவது நான்.

தாசையன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினார். நான் கூப்பிடவில்லை. கிறிஸ்மஸுக்கு வருவார், கேக்குக் கொண்டுவருவார். ரோஸ்லி சோறு போடும்போது இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிட்டதும் போய்விடுவார். "அண்ணன் எனக்க கையப் பாக்கவே மாட்டேங்குறாரு" என்று அவள் ஒரு தடவை சொன்னாள்.

ஷெட்டில் சக்கரம் கழற்றுகிற வேலை வந்தால் அவர் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று நினைத்தேன்.

வண்டி ஒரு வருடத்துக்கு மேல் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. பிறகு பேரூர்க்கடையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்துச் சரி செய்தேன். சக்கரத்தின் பக்கமே நான் போகவில்லை. அந்த மெக்கானிக் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "சேட்டா, எடது பக்கம் நட்டு முன்னால ஒரு விதம், பின்னால ஒரு விதம் திரியுதே. அதெந்தா?"

"பழைய வண்டி அப்படித்தான்" என்றேன்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

மதுரைக்காரர் கடிதம்

நான்கு வாரத்துக்கு முந்தைய கட்டுரை வந்த பிறகு பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு கடிதத்தை அனுப்பி வைத்தார்கள். மதுரையில் லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இன்லேண்டு கடிதம், நடுங்கின எழுத்து. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாசித்தேன்.

வண்டியைப் பற்றி எழுதுவது நன்றாக இருக்கிறது என்று தொடங்கியிருந்தார். கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்: "அந்தக் காலத்து வண்டிகள் சிலதில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை வரும். உங்கள் வண்டியில் எப்படி? உங்கள் மச்சான் எந்தப் பக்கமாக முறுக்கினார்?"

வாசிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சாதாரண நட்டை வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும். குழாய், குப்பி மூடி, எல்லாம் அப்படித்தான். அது வலது மரை. இடது மரை நேர் எதிர். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இடது மரை வைத்திருப்பார்கள். ஓட ஓட நட்டு தானாக இளகாமல் இருக்க அந்த ஏற்பாடு.

எங்கள் வண்டியும் அப்படித்தான் வந்தது. எனக்குத் தெரியும். தாசையனுக்கும் தெரியும். ஆறு வருடம் அவர் வலப்பக்கச் சக்கரங்களை வலமாகவும் இடப்பக்கச் சக்கரங்களை இடமாகவும் முறுக்கினார். ஸ்பேனரை மாட்டி, காலால் ஒரு மிதி. அவருக்கு அது யோசிக்காமல் வரும்.

கடிதத்தை மடித்தேன். ஒரு ஆள் வந்து அரை இஞ்சு போல்ட்டு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எத்தனை கேட்டார், எத்தனை கொடுத்தேன் என்று தெரியாது. கடையை அடைத்துவிட்டுக் கரமனைக்கு, வீட்டுக்குப் போனேன்.

பால்பொடி டின்

நான் ஒரு நட்டைக்கூடத் தூர எறிகிற ஆள் இல்லை. வண்டியிலிருந்து கழற்றியது எல்லாம் பால்பொடி டின்களில் இருக்கும். மூன்றாவது டின்னில் அந்த ஐந்து நட்டும் கிடந்தன. துணியில் சுற்றி வைத்திருந்தேன். பெருவிரலால் ஒன்றைத் தடவினேன். இடது மரை.

எல்லாம் நினைவுக்கு வந்தது.

விழிஞ்ஞம் போவதற்கு மூன்று நாள் முன்பு. தாசையன் ஒரு துட்டி வீட்டுக்குச் சாவு விசாரிக்க மார்த்தாண்டம் போயிருந்தார். முன்பக்க இடது சக்கரத்தில் இரண்டு போல்ட்டுக்கு மரை தேய்ந்திருந்தது. இடது மரையில் அந்த அளவு கிடைக்கவில்லை. வலது மரையில் என் கடையிலேயே இருந்தது. ஐந்தையும் கழற்றிவிட்டு வலது மரை போட்டேன். புது நட்டு, புது போல்ட்டு. மேலே நட்டுகளை மறைக்கும் வட்டமூடியை அடித்துப் பொருத்தினேன். வேலை சுத்தமாக இருந்தது. இனி முன்சக்கரம் ரெண்டிலும் நட்டு ஒரே பக்கம் திரும்பும், நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

தாசையன் வந்ததும் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அது நல்ல குணம் என்று பலபேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நேரே பஸ்ஸிலிருந்து வந்தார். நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஸ்பேனர் சத்தமும் கேட்டது. இடப்பக்கச் சக்கரத்தை வழக்கம்போல இடமாக முறுக்கியிருக்கிறார். நான் இறுக்கி வைத்த ஐந்து நட்டையும் காலால் மிதித்து இளக்கியிருக்கிறார், இறுக்குகிறோம் என்று நம்பி. மீதியை விழிஞ்ஞம் ரோடு பார்த்துக்கொண்டது.

ஸ்பேனர் சத்தத்தைக் கேட்டவன் நான். முறுக்கவில்லை என்று சொன்னவனும் நான்.

ரோஸ்லியிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு முழுசும் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன? எனக்கு கை சேந்தாச்சு" என்றாள். "போயி அவருட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"இப்பப் போங்க. நாளைக்குன்னு வச்சா நீங்க சொல்ல மாட்டிய."

நேமம்

ஷெட்டில் தாசையன் ஒரு கார்க் கதவுக்குப் புட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். மூன்று வருடத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

"ரோஸ்லிக்கு என்ன?" என்றார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்னே?"

டின்னை நீட்டினேன். துணியைப் பிரித்து ஒரு நட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து மரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீரு மார்த்தாண்டம் போயிருந்தப்ப இத மாத்தினேன். வலது மரை போட்டேன். உம்மகிட்ட சொல்லல்ல" என்றேன். எவ்வளவு யோசித்துப் போனாலும் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் இருந்தது.

ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். பொடி டப்பாவை எடுத்தார், திறக்கவில்லை.

"மிதிச்சப்ப டக்குன்னுச்சு ஓய். கொஞ்சம் போச்சு. நட்டு புதுசா மினுங்கிச்சு. நீரு புதுசு போட்டிருப்பீரு, படியுதுன்னு நெனச்சேன். உம்மகிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"கேட்டிருக்கலாம்."

"நீரு சட்ட மாத்திட்டு இருந்தீரு."

புட்டித் தூள் எங்கள் இருவர் மேலும் படிந்தது. பக்கத்துக் கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு கிறிஸ்மஸ் ஓய்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அதுவும் போகட்டும். பத்திரிகையில எதுக்கு எழுதினீரு? நம்ம வீட்டோட போகல்லியே. சுடலை கடையில வச்சு சத்தமா வாசிச்சான். எட்டு பேரு இருந்தாவ. 'என் மச்சான் மறந்தார்'னு வந்ததும் எல்லாவனும் எனக்க மொகத்தப் பாத்தான். நான் டீய வச்சிட்டு வந்துட்டேன்."

இது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தாசையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இங்கே எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படி. நேமத்தில் டீக்கடை வைத்திருக்கும் சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இந்தப் பத்திரிகையை வாங்கி வைத்துக் காலையில் வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவான். நான் எழுதுவதை மச்சான் வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"திருத்தி எழுதுறேன்" என்றேன்.

"எழுதும்."

"அதே பக்கத்துல போடச் சொல்றேன்."

"போடும். ஆனா சுடலை வாசிக்கண்டாம். நீரு வரணும். அந்த எட்டு பேரும் இருக்கப்ப நீரே வாசிக்கணும்."

நான் வாசித்தால் எழுத்துக் கூட்டித்தான் வரும். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணக்கூட எழுந்து நிற்காதவன். அது அவருக்கும் தெரியும்.

"சம்மதம்" என்றேன்.

"சம்மதம்னா ஞாயிறு வாறேன்" என்றார். பொடி டப்பாவைத் திறந்தார்.

ஒரு திருத்தம்

கிள்ளிப்பாலத்தில் ஒரு லேத்துக்காரர் இடது மரை அறுத்துக் கொடுப்பார் என்று தாசையன் சொன்னார். புது போல்ட்டு ஐந்தும் அங்கே வாங்கினோம். அரை நாள் வேலை. மூன்று வருடத்துக்கு முன் அவரைக் கேட்டிருந்தால் அப்போதும் அரை நாள்தான்.

போன ஞாயிறு அவர் கரமனைக்கு வந்தார். வண்டியைத் தொடும் முன் முற்றத்தில் நாற்காலி போட்டு, அதுவரை எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ரோஸ்லி கதவில் சாய்ந்து நின்றாள். விழிஞ்ஞத்தில் தொடங்கினேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது தப்பு."

"எது?"

"நான் பதில் சொல்லல்லன்னு போட்டிருக்கீரு. சொன்னேன்."

"என்ன சொன்னீரு?"

"'எடத எடமாத்தானே முறுக்கினேன்'னு சொன்னேன்."

நான் ரோஸ்லியைப் பார்த்தேன்.

"சொன்னாரு" என்றாள். "ஐஸ வச்சிட்டு இருந்தப்ப எனக்குக் கேட்டுச்சு. எனக்கு அர்த்தம் தெரியல்ல. நீங்க ஓடிப்போன சக்கரத்தப் பாத்துட்டு நின்னிய."

அந்த நிமிடமே கேட்டிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். மரை மாற்றியவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மேலே "அவர் பதில் சொல்லவில்லை" என்று இருப்பதை நான் அடிக்கவில்லை. அன்று நான் எவ்வளவு கேட்டேன் என்பதற்கு அந்த வரி அங்கேயே இருக்கட்டும். டீக்கடையில் அந்த இடம் வரும்போது நிறுத்தி, இதைச் சேர்த்து வாசிப்பேன்.

ஐந்து நட்டு

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். வலது மரை போல்ட்டுகளைத் தட்டி வெளியே எடுத்து, இடது மரையை அடித்து இறக்கினோம். அதிகம் பேசவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் சத்தமாகச் சொன்னார்: "எடது மர போட்டாச்சு." நானும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன். கப்பலில் வேலை செய்கிறவர்களைப் போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பால்பொடி டின்னிலிருந்த பழைய நட்டுகளையே போட்டோம். சக்கரத்தை இறக்கினோம். தாசையன் ஸ்பேனரை மாட்டினார், இடமாக மிதித்தார். ஐந்தும் ஆயிற்று. என்னிடம் ஸ்பேனரைக் கொடுத்தார். நானும் ஐந்தையும் மிதித்தேன்.

ரோஸ்லி படியிறங்கி வந்தாள்.

"குடுங்க" என்றாள்.

"நாங்க ரெண்டு பேரும் முறுக்கியாச்சு" என்றேன்.

"அன்னைக்கும் ரெண்டு பேரும் முறுக்கித்தானே இருந்துச்சு."

ஸ்பேனரை வாங்கி மேல் நட்டில் மாட்டினாள். ரெண்டு கையாலும் பிடித்தாள்.

"எந்தப் பக்கம்?"

தாசையன் அவள் இடது கையைப் பார்த்தார். மணிக்கட்டின் உள்பக்கம் தையல் தழும்பு ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எடது."

அவள் அழுத்தினாள். நட்டு அசையவில்லை. அடுத்ததற்கு மாற்றினாள். ஐந்தையும் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பின்னால ஏறுங்க" என்றாள்.

அவர் ஏறினார். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைத் தானே அடைத்தாள். என் காலடியில் இருந்த ரப்பர் மூடி சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். நான் வண்டியை எடுத்தேன்.

கரமனைப் பாலத்துக்கு முன்னால் இடது திருப்பம். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இடப்பக்கச் சன்னல் வழியாக ஒரு கை வெளியே போனது. முழுக் கையும் போனது.

"எடது போவுது" என்று பின்சீட்டிலிருந்து தாசையன் கதவில் தட்டினார்.

பஸ் நின்றது.